மர்கட்ராய்ட்: அரிதான ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஸ்மித், டெய்லர் மாதிரியான பெயர்களின் பூர்வீகத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பாதி வழியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், தையல்காரர் இருந்தார். அத்தனை பேரும் தனித்தனியாக அந்தப் பெயரைப் பெற்றார்கள். எந்த ஸ்மித் எந்த ஸ்மித்துக்கு உறவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அரிதான பெயர்களின் கதை வேறு. அவற்றில் பல, ஒரே பள்ளத்தாக்கில், ஒரே பண்ணையில், சில சமயம் ஒரே ஆளிடம் தொடங்கியவை. அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். ஆனால் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்பதைத்தான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

உதாரணத்துக்கு யார்க்‌ஷரின் மர்கட்ராய்ட் என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். கேட்டாலே சிரிப்பு வரும் பெயர் என்று ஆங்கிலேயர்களே சொல்வார்கள். ஆனால் அதன் பாதை அபூர்வமாகத் தெளிவானது. நீங்கள் தேடும் பெயர் வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

முதல் படி: எழுத்துக்கூட்டலை மறந்துவிடுங்கள்

"எங்கள் பெயரில் ஈ கிடையாது, அதனால் அவர்கள் எங்கள் குடும்பம் இல்லை" என்று அடித்துச் சொல்கிறவர்களை எல்லா வம்சாவளி ஆர்வலர்களும் பார்த்திருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெயரை எழுதியவர் பெயருக்கு உரியவர் அல்ல. சர்ச் குமாஸ்தாவோ, வரி வசூலிப்பவரோ, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரோ காதில் விழுந்ததை எழுதினார். பெயருக்கு உரியவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் திருத்தவும் ஆள் இல்லை.

ஆகவே பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒலியை ஒருவர் எத்தனை விதமாக எழுதியிருக்கலாம் என்று பட்டியல் போடுங்கள். மோர்கட்ராய்ட், மார்கட்ராய்ட், மெர்கட்ராய்ட், கடைசியில் ஈ சேர்த்தது, நடுவில் ஒரு டி குறைந்தது என்று பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் சாதாரணமாக வரும். பழைய கையெழுத்தில் பெரிய எம் எழுத்து டபிள்யூ போலவோ ஹெச் போலவோ தெரியும். பட்டியலைக் கணினியில் ஏற்றியவர்கள் அதை அப்படியே தப்பாக ஏற்றியிருப்பார்கள். முதல் எழுத்தை விட்டுவிட்டு, நட்சத்திரக் குறி போட்டு, "ட்ராய்ட்" என்று முடிவதை எல்லாம் தேடினால் காணாமல் போன பலர் அகப்படுவார்கள்.

இரண்டாம் படி: பெயர் எங்கே குவிந்திருக்கிறது?

இந்த வேலைக்கு 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போல உதவுவது வேறில்லை. தன்னார்வலர்கள் அதை முழுமையாகப் படியெடுத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஊரைவிட்டு ஊர் போவது ரயிலால் எளிதாகிவிட்ட காலம்தான் அது. அப்படியும் அரிதான பெயர்கள் பெரும்பாலும் தம் சொந்த வட்டாரத்தைச் சுற்றியே இருந்தன.

பெயரைப் போட்டு, மாவட்டவாரியாக எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் வசிக்கும் ஊரைவிடப் பிறந்த ஊர் முக்கியம், அதிலும் வயதானவர்கள் பிறந்த ஊர். மர்கட்ராய்ட்களை இப்படித் தேடினால் கண் நேராக யார்க்‌ஷரின் மேற்குப் பகுதிக்கு, ஹாலிஃபாக்ஸ் நகரைச் சுற்றிய மலைப் பள்ளத்தாக்குகளுக்குப் போகும். லங்காஷரில் ஒரு சிதறல் இருக்கும். அது பருத்தி ஆலைகளில் வேலை தேடி மலையைத் தாண்டியவர்களின் தடம்.

பெயர் இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாகக் குவிந்திருந்தால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கம் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு குவியலையும் தனிக் குடும்பமாக வைத்துக்கொண்டு நகருங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: 1837 வரை பின்னோக்கி நடப்பது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர்களுடன் கிடைக்கிறது. இப்போது 1921 வரை திறந்திருக்கிறது. 1931 கணக்கெடுப்பு 1942-இல் தீயில் அழிந்துபோனது. 1941-இல் போர் நடந்ததால் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு, போர் தொடங்கியதும் மக்களைப் பதிவு செய்த 1939-ஆம் ஆண்டுப் பதிவேடு கைகொடுக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இருக்காது, அதே மாவட்டமா இல்லையா என்று மட்டும் இருக்கும். எனவே 1851-ஐ முதலில் பாருங்கள். அதில் பிறந்த ஊர், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு எல்லாம் உண்டு. 1851-இல் எழுபது வயதில் உயிரோடிருந்த ஒரு தாத்தா உங்களை 1780-களுக்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்.

பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். திருமணச் சான்றிதழில் இரு தரப்பு அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் திருமணச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். ஒரே தாளில் இரண்டு தலைமுறை.

நான்காம் படி: சர்ச் பதிவேடுகள்

வேலை இங்கேதான் சூடு பிடிக்கும். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல், ஒவ்வொரு பங்குக் கோயிலும் (ஒரு வட்டாரத்துக்கான சர்ச்; அந்த வட்டாரம்தான் பங்கு) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பல ஊர்களில் அந்தத் தொடக்க ஏடுகள் போய்விட்டன. ஹாலிஃபாக்ஸின் பதிவேடு அந்த ஆண்டிலிருந்தே இருக்கிறது. நம் பெயருக்கு அடித்த அதிர்ஷ்டம் இது.

ஹாலிஃபாக்ஸ், இங்கிலாந்தின் மிகப் பெரிய பங்குகளில் ஒன்று. மலையும் ஓடையுமான நிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அதற்குள் அடங்கின. ஹெப்டன்ஸ்டாலிலும் எலண்டிலும் லடண்டனிலும் கிளைக் கோயில்கள் இருந்தன. தலைமைக் கோயிலில் ஒருவரைக் காணோம் என்றால் கிளைக் கோயில்களைப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. அந்த வட்டாரத்தில் மெதடிஸ்டுகளும் மற்ற தனிச் சபையினரும் நிறைய. அவர்களுடைய பதிவேடுகளில் பெரும்பகுதி 1837-க்குப் பிறகு அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஹாலிஃபாக்ஸ் பதிவேட்டைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு திகில் காத்திருக்கிறது. பதிமூன்றரை பென்னியோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடிப் பிடிபட்டால் தலையை வெட்டும் அதிகாரம் அந்த ஊருக்கு இருந்தது. அதற்கென ஒரு வெட்டு இயந்திரமே வைத்திருந்தார்கள். 1541 முதல் 1650 வரை அதில் தலை போனவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. கூரையில்லாத வெளியில் உலரப்போட்ட கம்பளித் துணிதான் ஊரின் செல்வம் என்பதால், அதைத் திருடுகிறவனிடம் அவ்வளவு கடுமை.

படிக்கும்போது தடுக்கிவிடும் விஷயங்கள் சில உண்டு. 1752-க்கு முன்னால் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. 1640 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1641. இதைக் கவனிக்காமல், அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது என்று வீணாகப் பழி போட்டவர்கள் உண்டு. அப்புறம் லத்தீன். யோஹான்னஸ் என்றால் ஜான், யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், கிலியெல்முஸ் என்றால் வில்லியம். பத்து இருபது சொற்கள் தெரிந்தால் போதும். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1642 முதல் 1660 வரை பல கோயில்களில் பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட உயில்தான் பாலம்.

ஐந்தாம் படி: உயில்கள், பத்திரங்கள்

1858-க்குப் பிந்தைய உயில்கள் அரசிடம். அதற்கு முந்தையவை திருச்சபை நீதிமன்றங்களில். மேற்கு யார்க்‌ஷர்க்காரர்களின் உயில்களைப் பெரும்பாலும் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். வசதியானவர்களுடையவை கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தின் வழியாக கியூவில் இருக்கலாம். 1653 முதல் 1660 வரை எல்லா உயில்களுமே லண்டனுக்குப் போயின.

உயிலுடன் சில சமயம் வீட்டுப் பொருள் பட்டியலும் இணைந்திருக்கும். அண்டை வீட்டுக்காரர்கள் அறை அறையாகப் போய் எழுதியது அது. ஹாலிஃபாக்ஸ் துணிக்காரர்களின் பட்டியல்களில் தறி, நூற்கும் ராட்டை, துணியின் மயிரை வெட்டும் பெரிய கத்தரி, துணியை இழுத்துக் கட்டி உலர்த்தும் சட்டம் எல்லாம் விலையோடு வரும். கூடவே இரண்டு மாடு, கொஞ்சம் ஓட்ஸ். பாதி விவசாயி, பாதி நெசவாளி. அந்த மலைச் சரிவுகளில் நிலம் மட்டும் சோறு போடாது என்பதைப் பட்டியலே சொல்லிவிடும்.

நிலப் பத்திரங்களுக்கு வேக்ஃபீல்டு பத்திரப் பதிவகத்தின் ஏடுகள் இருக்கின்றன. அந்தப் பதிவகம் 1704-இல் தொடங்கியது. லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸில் இப்படி ஒன்று வருவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

மர்கட்ராய்ட்களில் பணம் சேர்த்தவர் யார் என்று இந்தத் தாள்களில் தேடினால் ஜேம்ஸ் மர்கட்ராய்ட் கிடைப்பார். ஹாலிஃபாக்ஸ் பங்குக்குள் அடங்கிய வார்லி என்ற ஊரைச் சேர்ந்த பெரிய துணி வியாபாரி. 1638-இல் வடக்கே கீத்லிக்குப் பக்கத்தில் ஈஸ்ட் ரிடில்ஸ்டன் மாளிகையை வாங்கி, 1640-களில் அதைப் புதிதாகக் கட்டினார். வாசலுக்கு மேலே சக்கரம் போன்ற வட்ட ஜன்னல் வைத்தார். அது ஹாலிஃபாக்ஸ் வட்டாரப் பணக்காரர்களின் வீடுகளில் காணப்படும் அடையாளம். புதுப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஜன்னல் காட்டிக்கொடுக்கிறது. வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில் மன்னர் சார்லஸ், அரசி ஆகியோரின் தலைகளைச் செதுக்கி, "மன்னர் வாழ்க" என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரம் நாடாளுமன்றப் படையின் பக்கம் பெரிதும் சாய்ந்திருந்த நேரத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும். பின்னால் மாளிகை ஸ்டார்க்கி குடும்பத்தின் கைக்குப் போனது. மர்கட்ராய்ட்கள் போட்ட ஆட்டம் தாங்காமல் பக்கத்தில் ஓடிய ஏர் ஆறே வெட்கப்பட்டுத் திசை மாறிவிட்டது என்பது ஊர்க் கதை. ஆறு சும்மா இருந்தாலும் ஊர் சும்மா இருக்காது போல. 1934 முதல் மாளிகை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

ஆறாம் படி: சர்ச்சுக்கும் முன்னால்

1538-க்கு முன்னால் சாதாரண மனிதர்களின் பிறப்பு இறப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் வரி வாங்கினார்கள், அபராதம் போட்டார்கள். அந்த இரண்டிலும் பெயர் உண்டு.

வரியில் முக்கியமானது 1379-ஆம் ஆண்டின் தலைவரி. இரண்டாம் ரிச்சர்டு பிரான்சுடன் நடந்த போருக்குப் பணம் திரட்டப் போட்டது. இதைப்போன்ற இன்னொரு வரிதான் 1381-இல் குடியானவர் கிளர்ச்சிக்குக் காரணமானது. யார்க்‌ஷரின் மேற்குப் பகுதிக்கான 1379 பட்டியல் நன்றாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சாகிவிட்டது. ஊர் ஊராக, ஆண் பெயர், "அவர் மனைவி" என்ற லத்தீன் சொல், நாலு பென்னி. கொல்லர், தையல்காரர் என்றால் ஆறு பென்னி. வார்லிக்கும் அதன் அண்டை ஊர்களுக்கும் உரிய பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பாருங்கள். இந்த வட்டாரத்தின் குடும்பப் பெயர்கள் பிறந்துகொண்டிருக்கும் நேரம் அது.

அபராதத்துக்கு வேக்ஃபீல்டு மேனர் நீதிமன்றச் சுருள்கள். மேனர் என்றால் ஒரு பிரபுவின் நிலமும் அதில் அவருக்கிருந்த நீதி அதிகாரமும். வேக்ஃபீல்டு மேனர் ஹாலிஃபாக்ஸ் மலைகள் வரை நீண்டிருந்தது. அதன் சுருள்கள் 1274 முதல் 1925 வரை ஏறக்குறைய தொடர்ச்சியாக லீட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பட்டியலிலும் இடம்பெற்றவை. யார்க்‌ஷர் தொல்லியல் சங்கம் பல தொகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கிறது. மாடு அடுத்தவர் வயலில் மேய்ந்தது, கட்டை வெட்டியது, பீரைக் கலப்படம் செய்தது, நிலம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறியது என்று ஊர் வம்பு முழுவதும் அங்கே கிடக்கிறது.

மர்கட்ராய்ட் என்ற பெயரின் முதல் ஆள் 1371-இல் வருகிறார். யோஹான்னஸ் மோர்கட்ராய்ட், வார்லி ஊரின் கான்ஸ்டபிளாக நியமிக்கப்பட்டவர். இன்றைய போலீஸ் கான்ஸ்டபிள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்க்காரர்களிலிருந்து ஓராண்டுக்குப் பொறுப்பேற்கும் சம்பளமில்லாத வேலை அது. ஊரில் ஓரளவு மதிப்புள்ள ஆளிடம்தான் வரும்.

இங்கே ஒரு சோதனை செய்ய வேண்டும். பழைய ஆவணத்தில் பெயர் கிடைத்துவிட்டது என்பதாலேயே அது குடும்பப் பெயர் ஆகிவிடாது. இன்ன இடத்துக்காரர் என்ற முகவரியாகவும் இருக்கலாம். அந்த ஆள் வேறு ஊருக்குக் குடிபோன பிறகும், மகன் வேறு தொழில் செய்யும்போதும் அதே பெயர் தொடர்ந்தால்தான் அது பரம்பரையாகிவிட்டது என்று சொல்லலாம். வட இங்கிலாந்தில் இந்த மாற்றம் தெற்கைவிடத் தாமதமாக, பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டில் நடந்தது. 1349-இன் கொள்ளைநோய்க்குப் பிறகு ஆட்கள் ஊர் மாறி ஊர் போனபோது, விட்டுவந்த இடத்தின் பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது.

ஏழாம் படி: இப்போது அர்த்தத்தைத் தேடலாம்

ஊர் தெரிந்தாகிவிட்டது. ஆகவே லண்டன் அகராதியைத் திறக்காமல் அந்த ஊரின் பேச்சு வழக்கைப் பார்க்க வேண்டும். பெயர் மூன்று துண்டாக உடைகிறது: மூர், கேட், ராய்ட்.

மூர் என்பது மலை உச்சியில் ஹெதர் புதர் மண்டிய மேய்ச்சல் வெளி. கேட் என்றதும் கதவு என்று தோன்றும், ஆனால் வடக்கில் அது வைக்கிங்குகள் விட்டுச்சென்ற சொல், பாதை என்று பொருள். லீட்ஸின் பிரிக்கேட், யார்க்கின் ஸ்டோன்கேட் எல்லாம் தெருக்கள்தான், அங்கே கதவு எதுவும் இல்லை. ராய்ட் என்பது காட்டை வெட்டித் திருத்திய நிலம். பழைய ஆங்கிலத்தில் ராட் என்று இருந்தது. நீண்ட ஓகார ஒலியை ஆய் என்று இழுப்பது அந்த மலைக்காரர்களின் வாய்வழக்கம். நிலக்கரி போடும் கோல்-ஹோல் அவர்கள் வாயில் இன்றும் கோயில்-ஆயில். அதனால்தான் ஆக்ராய்ட், ஹோல்ராய்ட், பூத்ராய்ட், லியராய்ட் எல்லாம் அதே மூலைக்காரப் பெயர்கள். மைதம்ராய்ட் என்று ஓர் ஊரே இருக்கிறது. பெயர் ராய்ட் என்று முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு மேற்கு யார்க்‌ஷரில் தேடத் தொடங்கலாம்.

ஆக, மூருக்குப் போகும் பாதையில் இருந்த திருத்திய நிலம். மாடுகளை மேலே ஓட்டிச் செல்லும் வழியில் யாரோ மரம் வெட்டி ஒரு பண்ணை போட்டிருக்கிறார். வார்லியில் ஹாலின்ஸ் என்று இன்று அழைக்கப்படும் வீட்டுக்கு முன்பு மர்கட்ராய்ட் என்றே பெயர். அந்த வட்டாரத்தில் ஊர்கள் நெருக்கமாக இல்லாமல் சரிவுக்கு ஒரு பண்ணையாகச் சிதறிக் கிடந்ததால், ஒவ்வொரு பண்ணையும் ஒரு பெயரைப் பெற்றது. ஒரு பண்ணை, ஒரு குடும்பம், ஒரு பெயர். மேற்கு யார்க்‌ஷரில் ஒற்றை மூலப் பெயர்கள் இத்தனை இருப்பதற்கு நில அமைப்புதான் காரணம் என்பேன்.

எட்டாம் படி: மரபணு, அளவோடு

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது, ஆங்கிலக் குடும்பப் பெயரும் அப்படியே. 2000-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரயன் சைக்ஸ் தன் பெயரைக் கொண்ட ஆண்களையே சோதித்தார். சைக்ஸ் என்றால் சிற்றோடை. ஓடை எங்கும் உண்டு, எனவே பல மூலம் என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே மரபணு வகை. 2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் துரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 பெயர்களை எடுத்துப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிதான பெயர்க்காரர்களிடம் பொது மூதாதை பளிச்சென்று தெரிந்தார். ஸ்மித்களிடம் அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் ஆவணத் தேடலை முடிக்காமல் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். இருவர் உறவு என்று அது சொல்லும், எந்த ஆண்டில், எந்தப் பண்ணையில் என்று சொல்லாது. தத்து, மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தை, சொத்துக்காக மாமனார் பெயரை ஏற்றவர் என்று எங்காவது சங்கிலி அறுந்திருந்தால் பொருத்தம் வராது. பெண்கள் தேடுவதாக இருந்தால் அண்ணன் தம்பியோ அப்பாவோ பெரியப்பா மகனோ எச்சில் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, எதை நம்பக் கூடாது

கடைகளில் "உங்கள் குடும்பச் சின்னம்" என்று சட்டம் போட்டு விற்கிறார்களே, அதற்கு எந்த மதிப்பும் இல்லை. இங்கிலாந்தில் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. பெயர் ஒன்றாக இருப்பவர்களுக்கெல்லாம் அதில் பங்கு கிடையாது. சந்தேகம் இருந்தால், சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும், 1484-இல் நிறுவப்பட்ட லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் கேட்கலாம்.

"எங்கள் முன்னோர் 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மண்டி வில்லியமோடு வந்தவர்கள்" என்பதும் அதே ரகம். மர்கட்ராய்ட்களுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. 1887-இல் கில்பர்ட்டும் சல்லிவனும் லண்டன் சவாய் அரங்கில் போட்ட ரடிகோர் என்ற இசை நாடகத்தில், தினம் ஒரு குற்றம் செய்தே தீர வேண்டும் என்று சாபம் வாங்கிய பிரபுக்களுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். இணையத்தில் சுற்றும் சில குடும்ப மரங்களில் சர் ரூபர்ட் மர்கட்ராய்ட் என்று ஒருவர் எட்டிப் பார்த்தால் அவர் அந்த நாடகத்திலிருந்து இறங்கி வந்தவர்.

பெயர் கடல் தாண்டியிருந்தால்

உங்கள் குடும்பத்திலோ தெரிந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்திலோ அரிதான ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தால், தேடலைச் சென்னையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-இல் திறக்கப்பட்டது. அங்கே பதிவான முதல் திருமணம், பின்னாளில் சென்னை ஆளுநரான எலைஹு யேலுடையது. யேல் என்பதும் இதே வகைப் பெயர்தான், வேல்ஸின் டென்பிஷரிலுள்ள யால் என்ற பகுதியிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இந்தியா ஆபீஸ் ஆவணங்களாக பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே பார்க்கலாம். படைவீரர் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தபோது எழுதிய பட்டியலையும் அங்கேயே தேடுங்கள். பல பட்டியல்களில் சொந்த ஊரும் பழைய தொழிலும் இருக்கும். அந்த ஊர்ப் பெயர் கிடைத்தவுடன் மேலே சொன்ன நான்காம் படிக்கு நேராகப் போய்விடலாம்.